இரகசியமும் கையெழுத்தும்

அறிவியல் பயிலும் மாணவனுக்கு ஒப்பந்தச் சட்டத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு, நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவே உண்டு. மாட்டுங்காவின் ஆய்வுக்கூடங்களில் பயிலும் நம்மவர் பலர் கோடை விடுமுறையில் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிக்குச் செல்கின்றனர். அங்கே சோதனைக் குழாயைத் தொடுவதற்கு முன்பே, அடையாள அட்டையோடு சேர்த்து நாலைந்து பக்கத் தாள் ஒன்று நம் கைக்கு வருகிறது. ‘இங்கே கையெழுத்துப் போடுங்கள்’ என்று ஒரு விரல் கடைசிப் பக்கத்தைக் காட்டுகிறது. விரல் காட்டிய இடத்தில் நாமும் போட்டுவிடுகிறோம். முந்திய பக்கங்களில் என்ன எழுதியிருந்தது என்று அன்று மாலையே கேட்டாலும் விடை சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

அத்தாளுக்கு இரகசியக் காப்பு ஒப்பந்தம் என்று பெயர். அலுவலகங்களில் சுருக்கமாக ‘என்.டி.ஏ.’ என்பர். மாணவரிடம் மட்டுமா இது வருகிறது? செம்பூரில் உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு தொழிலதிபரிடம் வருகிறது. பெரிய வணிகப் பெயர்களுக்குப் பை தைத்துக் கொடுக்கும் தாராவித் தோல் பட்டறைக்காரரிடமும் வருகிறது. பெரிய நிறுவனங்களில் இதனைப் படிக்கவும் திருத்தவும் கையெழுத்திடவும் தனிக் குழுவே உண்டு. நமக்கோ அத்தகைய குழு இல்லை. ஆகவே, அக்குழுவினர் இத்தாளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை நாம் அறிந்துகொண்டால், அவர்கள் கண்ணில் ஒரு பாதியையேனும் நாம் இரவல் பெற்றவராவோம். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

இரகசியம் என்பது யாது?

ஒரு கண்டுபிடிப்பைக் காக்க இரு வழிகள் உண்டு. ஒன்று பேட்டண்ட் உரிமை. அதில் செய்முறையை ஊரறியச் சொல்லிவிட வேண்டும். கைம்மாறாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அரசு காவல் நிற்கும். மற்றொன்று இரகசியம். யாருக்கும் சொல்லாமல் நாமே காவல் நிற்பது. இதற்குக் கால எல்லை இல்லை. ஆனால் ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான். நம் சித்த மருத்துவ ஏடுகளில் மருந்துச் சரக்குகளைப் பரிபாஷைப் பெயர்களால் மறைத்து எழுதும் வழக்கம் இருந்ததை நாம் அறிவோம். குருவின் வாய்மொழி இல்லாமல் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு மருந்து செய்ய இயலாது. அக்காலத்து இரகசியக் காப்பு அது. இக்காலத்தில் குரு சீடன் என்ற உறவின் இடத்தில் ஒப்பந்தம் வந்து நிற்கிறது.

எல்லாச் செய்தியும் இரகசியமாகிவிடாது. 1995ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் என்னும் உலக வணிக உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. அதன் 39ஆம் பிரிவு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. செய்தி பொதுவில் அறியப்படாததாக இருக்கவேண்டும். அவ்வாறு அறியப்படாதிருப்பதனாலேயே அதற்கு ஒரு வணிக மதிப்பு இருக்கவேண்டும். அதனை மறைத்துவைக்க உடையவர் தக்க முயற்சி செய்திருக்கவேண்டும். மூன்றாவது அடையாளத்தை நண்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் திருடனைக் குறை கூறுவது செல்லாது என்பதே அதன் பொருள். ஒப்பந்தம் கேட்டு வாங்குவது கதவைத் தாழிடும் முயற்சிகளுள் ஒன்று.

ஒப்பந்தமே எழுதாவிட்டால் காவலே இல்லையா? அப்படியும் இல்லை. 1968இல் இங்கிலாந்தில் சிறு மோட்டார் வண்டியின் இயந்திரம் பற்றி நடந்த ‘கோகோ’ வழக்கில் நீதிபதி மெகாரி மூன்று கேள்விகளை வகுத்தார். செய்தி இரகசியத் தன்மை உடையதா? நம்பிக்கையின் பேரில் அது சொல்லப்பட்டதா? சொன்னவருக்குக் கேடாக அது பயன்படுத்தப்பட்டதா? இக்கேள்விகள் நம் நாட்டு நீதிமன்றங்களிலும் எடுத்தாளப்படுகின்றன. தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கான கருத்தை நம்பிக்கையின் பேரில் ஓர் ஒளிபரப்பு நிறுவனத்திடம் எடுத்துரைத்தவர்கள் தொடுத்த வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றம் 2003இல் அவர்கள் பக்கம் நின்று தடையாணையை உறுதி செய்தது. எனினும், வாய்மொழி நம்பிக்கையை மெய்ப்பிப்பது அரிது. தாளில் உள்ளதை மெய்ப்பிப்பது எளிது. இந்தியாவில் வணிக இரகசியத்திற்கெனத் தனிச் சட்டம் வேண்டுமென்று சட்ட ஆணையம் தனது 289ஆம் அறிக்கையில் 2024 மார்ச்சு மாதம் பரிந்துரைத்தது. தனிச் சட்டத்தின் துணையின்றியே நீதிமன்றங்கள் இதுவரை ஒப்பந்தத்தையும் நியாயத்தையும் கொண்டு தீர்ப்பளித்து வந்திருக்கின்றன. ஆதலின், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பெரும்பாலும் வழக்கின் தலைவிதி.

கல்யாண் தொழிற்சாலை வழக்கு

நம் மும்பைக்கு அருகிலேயே, கல்யாணில், இத்துறையின் புகழ்பெற்ற வழக்கு ஒன்று பிறந்தது. அங்குள்ள செஞ்சுரி ரேயான் ஆலை, டயருக்கான நூலிழை செய்யும் நுட்பத்தை ஆலந்து நாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்தும் மேற்கு ஜெர்மானிய நிறுவனம் ஒன்றிடமிருந்தும் பெற 1961 சனவரியில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. விலை 1,40,000 ஜெர்மன் மார்க்கு. விலையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. நுட்பத்தை இரகசியமாக வைக்கவேண்டும். ஆலையின் ஊழியரிடமிருந்தும் அதற்கேற்ற உறுதிமொழி எழுதி வாங்கவேண்டும் என்பதே அது. இரகசிய ஒப்பந்தம் சங்கிலிபோல் வளர்வதை இங்கே காணலாம். மேலே உள்ளவர் கையெழுத்திட்டால் கீழே உள்ளவரும் கையெழுத்திட்டாக வேண்டும்.

1963இல் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் பேரில் ஒருவர் அங்கே ஷிப்டு மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். அவ்வாண்டில் பல திங்கள் பயிற்சியும் பெற்றார். 1964இல், ஐந்தாண்டு முடியுமுன்பே, கூடுதல் ஊதியத்திற்கு இராஜஸ்தானத்தின் கோட்டா நகரில் அதே வகை ஆலை ஒன்றில் சேர்ந்துவிட்டார். வழக்கு கல்யாண் நீதிமன்றத்தில் தொடங்கி, பம்பாய் உயர் நீதிமன்றம் சென்று, உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1967 சனவரியில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தக் காலமாகிய ஐந்தாண்டு முடியும்வரை அவர் அத்தொழிலில் வேறிடத்தில் பணிபுரியலாகாது, ஆலையின் இரகசியங்களை வெளியிடலாகாது என்ற தடை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்.

இதைக் கேட்டவுடன் நம் இளைஞர்க்கு அச்சம் தோன்றுவது இயல்பு. ஆனால் அத்தீர்ப்பிலேயே ஒரு வரப்பு போடப்பட்டிருக்கிறது. ஒப்பந்தம் உயிரோடிருக்கும் காலத்துத் தடை வேறு; அது முடிந்த பிறகும் தொடரும் தடை வேறு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவன் நேர்மையான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவிற்குச் செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர்கான் தொடர்பான வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவையே எடுத்துக்காட்டி, ஒப்பந்தக் காலம் முடிந்த பின் ஒருவரைக் கட்டிப்போடும் விதி செல்லாது என்றது. இங்கிலாந்தில் 1986இல் கோழி இறைச்சி விற்கும் நிறுவனம் ஒன்று, விலகிச் சென்ற தன் விற்பனை அலுவலர் மீது வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளர் யார், எந்தத் தெருவில் வண்டி எந்நேரம் போகும், என்ன விலை என்பனவெல்லாம் வேலையோடு வேலையாக அவர் மனத்தில் படிந்தவை. அவை வணிக இரகசியம் ஆகா என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, நாம் பற்றிக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று கிடைக்கிறது. இரகசியம் உடையவனுக்குச் சொந்தம். திறமை உழைப்பவனுக்குச் சொந்தம். இவ்விரண்டு நிலங்களுக்கும் இடையே நேரான வரப்பு கட்டுவதே நல்ல ஒப்பந்தம். வரப்பைச் சாய்த்துக் கட்டும் ஒப்பந்தத்தைக் கண்டறிவதே நல்ல வாசிப்பு.

தாள் செல்லும் வழி

சென்ற கோடையில் சாயப்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் நான் இரு திங்கள் பயிற்சி பெற்றேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லுவதில்லை என்று நானும் கையெழுத்திட்டிருக்கிறேன்! ஆனால் இத்தகைய தாள்களை அங்கே கையாளும் முறை இரகசியமன்று. ஓரளவு ஒழுங்குள்ள எந்த நிறுவனத்திலும் ஏறக்குறைய இதே முறைதான் இருக்கும்.

வணிகப் பிரிவில் ஒருவர் வெளியாருடன் பேச விரும்பினால், ஒப்பந்தத்தைத் தேடுமுன் ஒரு படிவத்தை நிரப்புகிறார். யாரோடு பேச்சு? எதற்காக? நாம் சொல்லப்போகிறோமா, அவர்கள் சொல்லப்போகிறார்களா, இருவருமா? எந்தச் செய்திகள்? எத்தனை நாள்? இக்கேள்விகளுக்கு விடை இல்லாவிட்டால் தாள் நகராது. பல வேளைகளில் இங்கேயே உண்மை வெளிப்பட்டுவிடும். விலைப்பட்டியல் கேட்க வருபவருக்கு இரகசியம் எதையும் சொல்ல வேண்டுவதில்லை. அப்படியானால் ஒப்பந்தமும் வேண்டுவதில்லை. சொல்லாதிருப்பதைவிடச் சிறந்த காவல் ஏது?

அடுத்து, தாள் யாருடையது என்று பார்க்கின்றனர். தம் நிறுவனத்தின் மாதிரிப் படிவமானால் பெரும்பாலும் விரைவில் முடியும். எதிர்த்தரப்பின் தாளானால் வரிவரியாகப் படிக்கவேண்டும். வரும் தாள்களை மூன்று கட்டுகளாகப் பிரிக்கின்றனர். வழக்கமான விதிகள் மட்டும் உள்ளவற்றை வணிகப் பிரிவே ஒரு கேள்விப் பட்டியலை வைத்துச் சரிபார்க்கும். ஓரிரு புதிய விதிகள் உள்ளவை சட்ட அலுவலரிடம் போகும். பெருந்தொகை, நீண்ட காலம், தொழில் செய்யத் தடை ஆகியவை கொண்டவை மேலாளர் வரை ஏறும். எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் தள்ளினால் வணிகம் நின்றுபோகும். எதையும் தள்ளாவிட்டால் நிறுவனமே நின்றுபோகும் என்பது அவர்கள் கணக்கு.

அப்பிரிவின் மூத்த அலுவலர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர் என்னிடம் சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. “தம்பி, தாளில் எழுதியிருக்கிறதை எல்லாரும் படித்துவிடுவார்கள். எழுதாமல் விட்டது என்ன என்று பார்க்கிறவன்தான் படித்தவன்.”

எங்கெங்கே பார்ப்பது?

முதலாவது, தரப்பினரின் பெயர். பதிவு பெற்ற முழுப் பெயரும் முகவரியும் சரியா? நிறுவனம் எனில் அதன் துணை நிறுவனங்களும் சேருமா? இங்கே ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்க. பதிவு பெற்ற கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். தனி உரிமையாளர் நடத்தும் பட்டறை அப்படியன்று. பட்டறையின் கடன் உரிமையாளரின் வீட்டுக் கடனே. ஆகவே ஒரே விதி பெருங்கம்பெனிக்கு ஒரு பொருளையும் தாராவிப் பட்டறைக்காரருக்கு வேறொரு பொருளையும் தருகிறது.

இரண்டாவது, இரகசியத்தின் வரையறை. ‘வெளியிடப்படும் எல்லாச் செய்தியும் இரகசியமே’ என்று எழுதியிருந்தால் அது வரப்பன்று, வலை. ‘இரகசியம்’ என்று முத்திரையிட்டுத் தந்தவை, வாயால் சொல்லிக் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தியவை என்று எல்லை கட்டுவது பெறுபவருக்குப் பாதுகாப்பு.

மூன்றாவது, விலக்குகள். ஏற்கனவே ஊரறிந்தது, நாம் முன்பே அறிந்திருந்தது, நாமே தனியாகக் கண்டது, வேறொருவரிடமிருந்து முறையாகப் பெற்றது, சட்டம் கேட்பதனால் சொல்ல வேண்டியது ஆகிய ஐந்தும் இரகசியத்திற்குள் வரலாகா. எழுதாமல் விட்டது என்று அப்பெரியவர் கூறியது பெரும்பாலும் இவற்றைத்தான். வேதியியல் மாணவன் பாடநூலில் படித்த ஒரு வினையை ஆலையிலும் காண்கிறான். விலக்கு இல்லாத ஒப்பந்தத்தில் அப்பாடநூல் அறிவும் ஆலையின் உடைமையாகத் தோன்றிவிடும்.

நான்காவது, நோக்கமும் பங்காளிகளும். எதற்காகச் செய்தி தரப்படுகிறதோ அதற்கு மட்டுமே பயன்படுத்தவேண்டும். யார் யாருக்குக் காட்டலாம்? அறிய வேண்டியவருக்கு மட்டும். இது சிறிய விதியாகத் தோன்றும். தாராவியில் நிலைமை என்ன? தோல் வெட்டுவது ஓரிடம், ஓரம் சீவுவது வேறிடம், தைப்பது மற்றோரிடம் என்று ஒரு பை பல கைகள் மாறுகிறது. பை மாதிரியின் படம் வாட்ஸப்பில் ஒரு கைப்பேசியிலிருந்து மறு கைப்பேசிக்குத் தாவுகிறது. ‘தன் ஊழியருக்கு மட்டும்’ என்று ஒப்பந்தம் சொன்னால், அப்படத்தை அடுத்த சந்துக்கு அனுப்பிய அக்கணமே பட்டறைக்காரர் ஒப்பந்தத்தை மீறியவராகிறார். ‘வெளியே வேலை எடுத்துச் செய்பவர்களுக்கும்’ என்று ஓரிரு சொற்கள் சேர்த்தால் மீறல் இல்லை. தொழில் நடக்கும் முறைக்கு ஏற்பத் தாளை எழுதவேண்டுமேயன்றி, தாளுக்கு ஏற்பத் தொழில் நடக்குமென்று எதிர்பார்க்கலாகாது.

ஐந்தாவது, காலம். இரண்டு காலங்கள் உண்டு. செய்தி பரிமாறும் காலம் ஒன்று. அதன் பின்னும் வாய்மூடியிருக்க வேண்டிய காலம் மற்றொன்று. இரண்டையும் குழப்பி எழுதியிருந்தால் தெளிவு கேட்கவேண்டும். ஒப்பந்தம் எந்நாளிலிருந்து செல்லும் என்பதையும் பார்க்கவேண்டும். செய்தியை நேற்றுச் சொல்லிவிட்டு இன்று கையெழுத்திட்டால், முன் தேதியிலிருந்து செல்லுமென்று எழுதாதவரை நேற்றைய பேச்சு வேலிக்கு வெளியே நிற்கும்.

ஆறாவது, இழப்பீடு. ‘மீறினால் பத்து இலட்சம்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு சிலர் கலங்குவர். சிலர் சிரித்துவிட்டுக் கையெழுத்திடுவர். இரண்டும் தவறு. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட தொகை உச்ச எல்லைதான். அதற்குட்பட்ட நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் அளிக்கும். எனினும் அந்த நியாயத்தைப் பெற நீதிமன்றப் படி ஏறவேண்டுமே! தொகையை முன்பே குறைக்கச் சொல்லிக் கேட்பது செலவில்லாத வழி.

ஏழாவது, எந்த ஊர் நீதிமன்றம் என்பது. இதனைப் பலர் கடைசிப் பக்கத்துக் குப்பை என்று விட்டுவிடுகின்றனர். சேலத்து வணிக நிறுவனம் ஒன்றுக்கும் குஜராத்து நிறுவனம் ஒன்றுக்கும் சரிகை போன்ற உலோக இழை வாங்கியதில் தகராறு எழுந்தது. வழக்கு குஜராத்தின் கைரா ஊர் நீதிமன்றத்துக்கு உட்பட்டது என்று தாளில் இருந்தது. ‘மட்டும்’ என்பது போன்ற சொல் அங்கே இல்லை. ஆதலின் சேலம் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 2013இல் மற்றொரு வழக்கில், அச்சொல் இல்லாவிட்டாலும் தரப்பினரின் கருத்து ஓரூர் நீதிமன்றமே என்பதாயின் அதுவே செல்லும் என்றது அதே நீதிமன்றம். ஒரு சொல்லுக்காக உச்ச நீதிமன்றம் வரை நடந்த இவ்வழக்குகள் நமக்குக் கற்பிப்பது என்ன? மும்பையில் இருந்துகொண்டு தொலைவிலுள்ள நகரத்து நீதிமன்றத்துக்கு உடன்படுமுன், இரயில் கட்டணத்தையாவது கணக்கிட்டுப் பார்க்கவேண்டும் என்பதுதான்.

கையெழுத்தும் அதன் பின்னும்

திருத்தங்கள் முடிந்தபின் கையெழுத்து. யார் வேண்டுமானாலும் இடலாமா? கூடாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, முக்கிய நிருவாகப் பொறுப்பாளரோ, இயக்குநர் குழு அதிகாரம் அளித்த அலுவலரோ கம்பெனிக்காகக் கையெழுத்திடலாம். எதிர்த்தரப்பில் இடுபவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று கேட்பது அவமதிப்பன்று, வழக்கமே. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையெழுத்துக்கும் இடம் தருகிறது. முத்திரைக் கட்டணத்தையும் மறக்கலாகாது. மகாராஷ்டிரத்தில் 2024 அக்டோபரில் பல வகைப் பத்திரங்களுக்கு 100 ரூபாயாக இருந்த கட்டணம் 500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உரிய கட்டணம் செலுத்தாத பத்திரத்தை, குறைந்த தொகையும் அபராதமும் கட்டும்வரை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

கையெழுத்தோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதே பெரும்பிழை. நான் கண்ட வணிகப் பிரிவில் ஒரு பதிவேடு இருந்தது. எந்த ஒப்பந்தம், எந்த நாள், யார் பொறுப்பு, எப்போது முடிகிறது, எந்தத் தாள்கள் போயின, எவை திரும்பின என்று வரிசையாக எழுதப்பட்டிருந்தது. முடியும் நாளுக்கு முன் நினைவூட்டல் வரும். முடிந்ததும், ‘நாங்கள் தந்தவற்றைத் திருப்புங்கள் அல்லது அழித்துவிட்டதாக எழுதித் தாருங்கள்’ என்று கடிதம் போகும். டிரிப்ஸ் கேட்கும் ‘தக்க முயற்சி’ இப்பதிவேடுதான். இருநூறு ஒப்பந்தங்களைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, எதை யாரிடம் சொன்னோம் என்று அறியாத நிறுவனம், தாழ்ப்பாளை வாங்கிக் கதவில் பொருத்த மறந்த வீட்டுக்காரனுக்கு ஒப்பாகும்.

மாணவர் கேட்க வேண்டியவை

இனி, நம் கதைக்கு வருவோம். ஆலையின் பணத்தில் அல்லது ஆலையின் பொருளில் ஆய்வு செய்யும் மாணவன், ஒப்பந்தத்தில் ஒன்றைத் தவறாது தேடவேண்டும். என் ஆய்வேட்டை நான் எழுதி அளிக்கலாமா? பல்கலைக்கழகம் கேட்பது வெளிப்படையான அறிவு. ஆலை கேட்பது மூடிய வாய். முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘ஷோத்கங்கா’ என்னும் மின் களஞ்சியத்தில் எல்லாரும் காணுமாறு வைக்கப்படும் காலம் இது. இவ்விரண்டுக்கும் இணக்கம் காணும் வழி உண்டு. வெளியிடுமுன் கையெழுத்துப் படியை ஆலைக்கு அனுப்புவது, முப்பது அல்லது அறுபது நாளுக்குள் அவர்கள் இரகசியப் பகுதியைச் சுட்டிக்காட்டுவது, அதை மட்டும் நீக்கி மற்றதை வெளியிடுவது என்பதே அது. எனக்குத் தந்த தாளில் இவ்விதி இல்லை. கேட்டேன், மறுவாரமே சேர்த்துத் தந்தார்கள். அவர்களுடைய படிவம் ஊழியருக்கென அச்சிட்டது. மாணவனைப் பற்றி எண்ணி எழுதியதன்று. எதிர்த்தரப்பு எப்போதும் நம்மை வஞ்சிக்க முயல்கிறது என்று நினைக்க வேண்டுவதில்லை. பெரும்பாலும் அவர்கள் நம்மைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. நினைவூட்டுவது நம் வேலை.

நாமே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் ஒப்பந்தம் நமக்கே வேலியாகும். 1970ஆம் ஆண்டுப் பேட்டண்ட் சட்டம் புதுமையைக் கேட்கிறது. விண்ணப்பிக்குமுன் ஊரறியச் சொல்லிவிட்ட கண்டுபிடிப்பு, சட்டம் ஒதுக்கிவைத்த சில விலக்குகள் தவிர, புதுமையை இழந்துவிடுகிறது. ஆர்வத்தோடு வினவும் ஒரு தொழிலதிபரிடம் சொல்லுமுன் ஒரு தாளில் கையெழுத்து வாங்குதல் அவநம்பிக்கை ஆகாது. தெரிந்து தெளிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழி வந்தவர்கள் நாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எந்த ஒப்பந்தமும் தீமைக்குத் திரையாகாது. நோக்கம் சட்டத்துக்கு மாறானதாயின் அவ்வுடன்பாடு செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. சுற்றிலும் ஆலைகள் சூழச் செம்பூரில் வாழும் நம்மவர்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. நச்சுப் புகை கசிவதையோ, கழிவு திருட்டுத்தனமாகச் சாக்கடையில் விடப்படுவதையோ கண்டவன், ‘நான் கையெழுத்திட்டிருக்கிறேனே’ என்று வாய்பொத்தி நிற்க வேண்டுவதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ காவல் துறையினரிடமோ முறையிடுவதை அத்தாள் தடுக்காது. காக்கத்தக்கது தொழிலின் நுட்பம், குற்றமன்று.

நம் கடமை

நண்பர்களே! தாராவியிலும் செம்பூரிலும் உள்ள நம் பெரியவர்கள் பலர், ஊரைவிட்டு வந்து, கைத்திறன் ஒன்றையே முதலாகக் கொண்டு தொழிலை வளர்த்தவர்கள். அவர்கள் கைத்திறனைப் படிக்க நம்மால் இயலாது; ஆனால் அவர்களிடம் வரும் ஆங்கிலத் தாளைப் படிக்க நம்மால் இயலும். நாம் வழக்கறிஞர்கள் அல்லோம். சட்ட ஆலோசனை கூற நமக்குத் தகுதியும் இல்லை. ஆனால், ‘மாமா, இந்த வரியில் இப்படி எழுதியிருக்கிறது; கையெழுத்துப் போடுவதற்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்’ என்று தமிழில் எடுத்துச்சொல்ல எந்தத் தகுதியும் வேண்டாம். நம் சங்கம் திங்களுக்கு ஒரு ஞாயிறு மாலை இதற்கென ஒதுக்கலாம். சட்டம் பயிலும் நம் நண்பர்களும் உடன் அமர்ந்தால் பணி இன்னும் சிறக்கும்.

ஒப்பந்தத்தில் இடும் கையெழுத்து சில விநாடி வேலை. அதன் நிழல் ஐந்தாண்டும் நீளலாம், ஆயுள் முழுவதும் நீளலாம். அவ்விநாடிக்கு முன் அரைமணி நேரம் படிப்பதற்குக் கேட்பது நம் உரிமை. கேட்டால் தருகிறார்கள், கேளாதவருக்கு யாரும் தருவதில்லை.